41 ஆட்டோமேஷன்களில் எதை முதலில் கழற்றுவது?

அஸ்தம்பட்டி வாசி:
எங்கள் வீட்டில் ஐந்து ஆண்டுகளாகச் சேர்ந்துவிட்ட ஸ்மார்ட் சாதனங்களை எண்ணியபோது 34 இருந்தன. அவற்றை இயக்க, ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருளில் நானே எழுதிவைத்த ஆட்டோமேஷன்கள், அதாவது தானாக இயங்கும் கட்டளைகள், 41. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான் நான். சென்ற வாரம் அம்மா கூடத்துச் சுவிட்சின் மேல் செல்லோ டேப்பை ஒட்டி, நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் "இதை அமுக்க வேண்டாம்" என்று வேலைக்கு வரும் அக்காவுக்காக எழுதிவைத்திருந்ததைக் கண்டதும் அந்தப் பெருமை வடிந்துவிட்டது. சுவிட்சை அணைத்தால் பல்பு இணைப்பிலிருந்து போய்விடும் என்று நான் ஓயாமல் சொன்னதன் விளைவு அது.

இன்னொரு தொல்லை குளியலறையில். அப்பா உள்ளே இருக்கும்போதே விளக்கு அணைந்துவிடுகிறது. இந்தக் கோடையில் மதிய வேளைகளில் கையை ஆட்டினாலும் எரிவதில்லை, ஆனால் இரவில் ஒழுங்காக எரிகிறது. மேல்தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு ஒன்றுதான் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது. எதிலிருந்து குறைக்கத் தொடங்கலாம்?

சூரமங்கலம் வாசகர்:
முதலில் எதையும் அழிக்காதீர்கள், கழற்றவும் வேண்டாம். ஒவ்வோர் ஆட்டோமேஷனுக்கும் அது கடைசியாக எப்போது இயங்கியது என்பதை ஹோம் அசிஸ்டென்ட் காட்டும். மாதக்கணக்கில் இயங்காதவற்றை முடக்கி வையுங்கள். முப்பது நாள்களில் வீட்டில் யாரும் கேட்கவில்லையென்றால் அழித்துவிடலாம். கசிவு எச்சரிக்கை போன்றவை இயங்காமல் இருப்பதே நல்லது என்பதால் அவற்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

குளியலறைச் சிக்கலுக்குக் காரணம் நம் ஊர் வெயில். அங்குள்ள சென்சார் பெரும்பாலும் உடல் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை, சுற்றுப்புறத்தின் வெப்பத்தோடு ஒப்பிட்டு அசைவை உணரும் வகையாக இருக்கும். அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது இரண்டுக்கும் வேறுபாடு குறைந்து, எதிரில் ஆள் நின்றாலும் அது தடுமாறும். சித்திரை மதியத்தில் சேலத்தில் அந்த நிலை வந்துவிடுகிறது. அசையாமல் உட்கார்ந்திருப்பவரைக் காண்பது அதற்கு எந்தப் பருவத்திலும் கடினம்தான். வயதானவர் வழுக்கும் தரையில் இருட்டில் நிற்கும்படி ஆகலாம் என்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் நாளைக் காலையிலேயே அதை எடுத்துவிட்டுச் சாதாரணச் சுவிட்சுக்குத் திரும்பியிருப்பேன்.

ஏற்காட்டுத் தோட்டவீடு:
இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போய்த் திரும்பியதும் வீட்டின் அத்தனை பல்புகளும் முழு வெளிச்சத்தில் எரிவது மழைக்காலத்தில் எங்களுக்கு வாடிக்கையாக இருந்தது. மின்சாரம் திரும்பும்போது பழைய நிலைக்கே போகும்படி பல பல்புகளில் அமைக்க முடியும் என்றாலும், நான் அந்த வழிக்குப் போகாமல் பல்புகளையே நீக்கிவிட்டுச் சுவிட்சுப் பெட்டிக்குள் ரிலே (கட்டளை வந்தால் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு கருவி) வைத்துக்கொண்டேன். சுவர்ச் சுவிட்சும் வேலை செய்யும், கைப்பேசியும் வேலை செய்யும்.

ஒரு தவறு மட்டும் செய்துவிட்டேன். ஜிக்பி என்னும் கம்பியில்லா முறையில் இணையும் சாதனங்களில், நேரடி மின்சாரத்தில் இயங்குபவை மற்றவற்றின் சமிக்ஞையை வாங்கி அனுப்பும் வேலையையும் செய்கின்றன. தாழ்வாரத்துப் பல்புகள் நான்கையும் ஒரே நாளில் கழற்றியதும், அவற்றை நம்பியிருந்த காப்பிக் கிடங்கின் கதவுச் சென்சார் ஊமையாகிவிட்டது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்து இரண்டு முறை மாற்றிய பிறகுதான் காரணம் புரிந்தது. ஆகவே ஒரு நாளைக்கு ஒன்று என்று கழற்றுங்கள்.

வயரிங் வேலை செய்பவர்:
ரிலே வைப்பதற்கு முன் அந்தப் பெட்டியில் நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர்) இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிளக் பாயின்டும் சேர்ந்திருக்கும் போர்டுகளில் இருக்கும். தனிச் சுவிட்சு மட்டும் உள்ள இடங்களில் பெரும்பாலும் இருக்காது. மோட்டாரை எதன் வழியாக இயக்குகிறீர்கள்? வைஃபை பிளக் என்றால் உடனே மாற்றுங்கள். மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும்; பிளக்கின் உள்ளே இருக்கும் சிறிய ரிலேயின் முனைகள் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்டால், தொட்டி நிரம்பினாலும் மோட்டார் நிற்காது. கான்டாக்டர் என்னும் பெரிய மின்காந்தச் சுவிட்சைப் போட்டு, அதை இழுக்கும் காயிலை மட்டும் ஸ்மார்ட் சாதனம் இயக்கட்டும்.

அஸ்தம்பட்டி வாசி:
மூவருக்கும் நன்றி. மோட்டார் வைஃபை பிளக்கில்தான் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கான்டாக்டர் போட ஆள் வருகிறார். குளியலறைச் சென்சாரை அன்று இரவே எடுத்துவிட்டேன். 41இல் 23 ஆட்டோமேஷன்களை முடக்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்பது, போன தீபாவளிக்குப் பிறகு ஒருமுறைகூட இயங்கவில்லை. மின் செலவையும் கணக்கிட்டேன்: எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் 26 சாதனங்கள், சும்மா இருக்கையில் தலைக்கு அரை வாட் என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு மாதத்துக்கு 18 யூனிட்டுக்கு மேல் வருகிறது. பெரிய தொகை இல்லை, ஆனால் எரியாத விளக்குக்குப் பணம் கட்டுவது உறுத்துகிறது. கழற்றியவற்றைத் தங்கை மகன் கேட்கிறான், கொடுக்கலாமா?

சூரமங்கலம் வாசகர்:
தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் உங்கள் கணக்கிலிருந்து நீக்கி, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்த பிறகே கொடுங்கள். வைஃபை சாதனங்களில் உங்கள் வீட்டுக் கடவுச்சொல் பதிந்திருக்கும். கேமரா இருந்தால் அதன் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள்.