உதவி தேவை: 'ரோஜர்' சொன்னால் ஏன் தப்பு என்கிறார்கள்?

காட்பாடி ஜங்ஷன்:
பைலட் பயிற்சியில் இருக்கிறேன், ஆர்டிஆர் (விமான ரேடியோவில் பேசுவதற்கான உரிமம்) தேர்வுக்குப் படிக்க வீட்டுக்கு வந்திருக்கிறேன். புத்தகத்தில் எல்லாம் புரிகிறது, மைக்கைப் பிடித்தால்தான் சொதப்பல். மாதிரித் தேர்வில் கன்ட்ரோல் டவர் 'ஹோல்ட் ஷார்ட் ரன்வே 07' (ரன்வே 07-க்கு வெளியே நில்) என்றது, நான் 'ரோஜர்' என்று சொல்லி கால்சைனையும் (விமானத்தின் ரேடியோ பெயர்) சேர்த்தேன், அங்கேயே நிறுத்திவிட்டார்கள். ரோஜர் என்றால் புரிந்தது என்றுதானே அர்த்தம்? இரண்டாவது, ஹெடிங் (போக வேண்டிய திசை), உயரம், கியூஎன்எச் (உயரமானியில் வைக்கும் காற்றழுத்த எண்) மூன்றும் ஒரே மூச்சில் வந்தால் கடைசி எண் மட்டும்தான் மனதில் நிற்கிறது. மூன்றாவது, என் 'விக்டர் டேங்கோ' (V, T எழுத்துகள்) அவர்களுக்கு 'டர் டேங்கோ' என்றுதான் கேட்கிறதாம், இத்தனைக்கும் கத்தித்தான் சொல்கிறேன். வீட்டில் தங்கச்சிதான் டவர், நான் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வாசிப்பாள், அவளிடம் ஒரு தப்பும் வருவதில்லை. அதுதான் குழப்பமே.

வாலாஜா வாசி:
ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேருங்கள் ப்ரோ. தமிழ் மீடியம் படித்தவர்களுக்கு இது சகஜம்.

காட்பாடி ஜங்ஷன்:
படித்தது இங்கிலீஷ் மீடியம்தான் ப்ரோ 😐

பழைய டவர்:
தம்பி, இங்கிலீஷுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் பல வருஷம் ஹெட்செட் மாட்டியவன் என்பதால் சொல்கிறேன். நம் ஊர் பஸ்ஸில் 'ரைட்டு' என்ற ஒரு வார்த்தையை எத்தனைக்குப் பயன்படுத்துகிறோம் பார். வண்டியை எடு என்றாலும் ரைட்டு, நீ சொன்னது காதில் விழுந்தது என்றாலும் ரைட்டு, ஒத்துக்கொள்கிறேன் என்றாலும் ரைட்டு. உன் ரோஜரும் அந்த ரைட்டுதான். ரோஜர் என்றால் நீ கடைசியாகச் சொன்னது முழுக்க வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். செய்வேன் என்ற பொருள் அதில் இல்லை, அதற்கு வில்கோ இருக்கிறது. ஆனால் ரன்வேக்கு வெளியே நில், ரன்வேயில் ஏறு, கடந்து போ, இறங்கு என்பவற்றுக்கு வில்கோவும் போதாது, சொன்னதை ரன்வே எண்ணோடு அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். உயரம், ஹெடிங், வேகம், கியூஎன்எச், ஸ்குவாக் எண்ணுக்கும் (ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டுவது) அதே கதைதான். காற்று எவ்வளவு, பக்கத்தில் எந்த விமானம் என்ற தகவலுக்கு மட்டும் ரோஜர் போதும்.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரிஃப் தீவு. ஒரே ரன்வேயில் இரண்டு 747, பனிமூட்டம், டவருக்கு இரண்டுமே தெரியவில்லை. அதில் ஒன்றான கேஎல்எம் விமானத்தின் துணை பைலட், ரீட்பேக்கின் (திருப்பிச் சொல்வதன்) கடைசியில் 'நாங்கள் இப்போது டேக்-ஆஃபில்' என்கிற மாதிரி ஒன்றைச் சொன்னார். கிளம்பத் தயாராக நிற்கிறாரா, ஓடவே ஆரம்பித்துவிட்டாரா? டவர் 'ஓகே' என்றது. அதன் பிறகு 'நில்லுங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்றபோது, 'நாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம்' என்று மற்ற விமானமான பான் ஆம் அதே நொடியில் மைக்கை அழுத்தியது. கேஎல்எம் காக்பிட்டில் கேட்டது கீச்சென்ற சத்தம்தான். இரண்டும் மோதி 583 பேர் போனார்கள். அதனால்தான் இன்று டேக்-ஆஃபுக்கு அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர அந்த வார்த்தையை யாரும் வாயில் எடுப்பதில்லை, மற்ற நேரத்தில் எல்லாம் 'டிபார்ச்சர்'.

உன் தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன். அவள் என்ன வாசிப்பாள் என்று உனக்கு முன்பே தெரியும், அதனால் காதுக்கு வேலையே இல்லை. 1989 பிப்ரவரியில் கோலாலம்பூர் பக்கம் ஒரு சரக்கு 747-க்கு 'டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார்கள், 2400 அடி என்ற அர்த்தத்தில். அந்த 'டூ' பைலட்கள் காதில் 'வரை' என்பதற்கான 'டு' ஆகிவிட்டது. 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ' என்று 400 அடியைத் திருப்பிச் சொன்னார்கள், கன்ட்ரோலரும் கவனிக்கவில்லை, மலையில் மோதி நான்கு பேரும் போனார்கள். 'டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்' என்று சொல்லியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. அதனால் பேப்பரை உன் கண்ணில் காட்டாமல் எண்களை இஷ்டத்துக்கு மாற்றச் சொல் அவளை, நீ திருப்பிச் சொல்வதில் தப்பு இருந்தால் பிடிக்கவும் சொல். மனதில் வைக்கப் பார்க்காதே, தொடையில் பேடு கட்டிக்கொண்டு எண்ணை மட்டும் கிறுக்கு.

காட்பாடி ஜங்ஷன்:
சார், நேற்று ராத்திரி அப்படியே செய்து பார்த்தேன். பத்தில் ஆறு தப்பு. அவளுக்கு ஒரே குஷி.

சத்துவாச்சாரி ஹாம்:
மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லையே. நீங்கள் பட்டனை அழுத்தும் அதே நேரத்தில் பேச ஆரம்பிக்கிறீர்கள், செட் டிரான்ஸ்மிட்டுக்கு மாறுவதற்குள் 'விக்' போய்விடுகிறது. அழுத்துங்கள், அரை நொடி விடுங்கள், அப்புறம் பேசுங்கள், முடித்ததும் சட்டென்று விரலை எடுக்காதீர்கள். கத்தினால் இன்னும் மோசம், குரல் உடைந்துதான் போகும். மேலே சொன்ன கீச் சத்தத்துக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன், விமான பேண்டு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ், இன்னமும் ஏஎம்தான். இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் இரண்டு கேரியரும் (குரலைச் சுமக்கும் ரேடியோ அலை) மோதிச் சத்தம் வரும். எஃப்எம்மாக இருந்தால் வலுவான சிக்னல் மற்றதை விழுங்கிவிடும், இன்னொருவன் பேசினான் என்பதே தெரியாது.

காட்பாடி ஜங்ஷன்:
அரை நொடி வேலை செய்கிறது! போனில் ரெக்கார்டு செய்து கேட்டேன், விக்டர் முழுசாக வருகிறான். பத்தில் தப்பு ஆறிலிருந்து இரண்டாகிவிட்டது. கடைசியாக ஒன்று, சரியாகக் கேட்காவிட்டால் 'ரிப்பீட்' என்று கேட்கலாமா?

பழைய டவர்:
கூடாது. 'சே அகெய்ன்'.

கம்மவான்பேட்டை கன்னர்:
அந்த வார்த்தையை எங்கள் ஆட்களிடம் சொல்லிவிடாதே தம்பி. பீரங்கிப் படையில் ரிப்பீட் என்றால் அதே இடத்தில் மறுபடியும் சுடு என்று அர்த்தம்.