புதுப்பிப்பு: 3,400 கலியாணப் படங்களுக்கும் பெயர் மாற்றியாச்சு

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. என் கேள்வி இதுதான்: வெள்ளவத்தையில் நடந்த தங்கச்சியின் கலியாணத்தை ஒரே வகைக் கமரா இரண்டில் எடுத்தோம். கோப்பு எண் 9999 தாண்டினால் மறுபடி 0001. ஒரே கோப்புறையில் போட்டதும் பெயர்கள் மோதின. மோதாமல் எப்படிப் பெயர் வைப்பது என்று கேட்டிருந்தேன்.

"எடுத்த திகதி, நேரம், அப்புறம் வரிசை எண்" என்று பெயர் வைக்கச் சொன்னதுதான் கைகொடுத்தது. லைட்ரூம் கிளாசிக்கில் (படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்) எல்லாவற்றையும் தெரிவுசெய்து, பெயர் மாற்றும் விசையான எஃப்2 அழுத்தினேன். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது.

ஆனால் வரிசையைப் பார்த்தால் பந்தி முடிந்த பிறகு தாலி கட்டுகிறார்கள்! இரவல் வாங்கிய கமராவின் கடிகாரம் ஜப்பான் நேரத்தில் இருந்திருக்கிறது, நம்மைவிட 3 மணி 30 நிமிடம் முன்னால். அதன் படங்களை மட்டும் வடிகட்டி, "எடிட் கேப்சர் டைம்" (எடுத்த நேரத்தைத் திருத்தும் கட்டளை) போய் ஒரு படத்துக்குச் சரியான நேரம் கொடுத்தேன். மற்றவையும் அதே அளவு பின்னால் நகர்ந்தன. பிறகு திரும்பவும் எஃப்2. சரி வந்தது.

இன்னொன்று, விண்டோஸ் கோப்புறைக்குள் போய் நேரடியாகப் பெயரை மாற்றாதீர்கள். நான் முதலில் 20 படங்களில் அப்படிச் செய்து பார்த்தேன். லைட்ரூம் அவற்றைக் காணவில்லை என்று ஆச்சரியக்குறி போட்டுவிட்டது. ஒவ்வொன்றாகத் தேடிக் காட்டவேண்டியதாயிற்று.