தமிழ்ப் பள்ளிக்கான சிறுவர் பாதுகாப்புக் கொள்கை தமிழில் யாரிடமாவது இருக்கிறதா?

எல்லாருக்கும் வணக்கம். லண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மூன்று வருடமாகப் படிப்பிக்கிறேன். போன மாதக் கூட்டத்தில் நான் தேநீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, சிறுவர் பாதுகாப்புப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்!

தேடிப் படித்ததில் புரிந்தது இவ்வளவுதான். இங்கிலாந்தின் 2004 சிறுவர் சட்டத்தால் வந்த உள்ளூர்ப் பாதுகாப்புச் சபைகள் இப்போது இல்லை. 2017 சட்டத்துக்குப் பிறகு கவுன்சில் (உள்ளூராட்சி), என்எச்எஸ் (அரச மருத்துவ சேவை), பொலிஸ் மூன்றும் கூட்டாகப் பொறுப்பேற்கின்றன. ஆசிரியர் ஒருவர் மேல் பாரதூரமான புகார் வந்தால், கவுன்சிலில் லாடோ என்று ஒரு அதிகாரி இருப்பார், அவரிடம் ஒரு வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். நாங்களே விசாரித்து சமரசம் பேசக் கூடாது.

சிக்கலே இங்கேதான். "எல்லாரும் எங்கட ஆக்கள்தானே, டிபிஎஸ்ஸும் எடுத்தாச்சு, பிறகென்ன?" என்கிறார்கள் மூத்த ஆசிரியர்கள். டிபிஎஸ் என்கிற குற்றப் பதிவுச் சோதனை பழைய பதிவைத்தான் காட்டும் என்று சொன்னால், சந்தேகப்படுகிறேன் என்று கோபம். ஒரு அம்மா வந்து பிள்ளையைப் பற்றி ஏதாவது சொன்னால் எங்கே எழுதி வைப்பது என்றுகூட எங்களிடம் ஒழுங்கில்லை.

உங்கள் பள்ளியில் தமிழில் எழுதிய கொள்கை இருந்தால் தருவீர்களா? சிறிய பள்ளிகளுக்கு, மேலே சொன்ன கவுன்சில்-என்எச்எஸ்-பொலிஸ் கூட்டமைப்பின் பயிற்சியில் இடம் கேட்டு வாங்கியவர்கள் யாரும் உண்டா? அப்புறம், பெரியவர்களிடம் இதை மனம் நோகாமல் எப்படிப் பேசினீர்கள்? அடுத்த கூட்டம் வருகிற சனி. யாருடைய பெயரும் விவரமும் இங்கே போட வேண்டாம், உள்பெட்டிக்கு வாருங்கள்.