'ட்ரிம்' என்பதற்குச் 'செப்பம்': ஒரு பரிந்துரை

அன்புடையீர், வணக்கம்.

மாதிரி விமானக் கையேட்டின் சொற்பட்டியலில் 'பேலன்ஸ்' (பறக்கவிடுமுன் எடையைச் சமன்செய்தல்), 'ட்ரிம்' (பறக்கவிட்டபின் செய்யும் நுண்திருத்தம்) இரண்டுக்கும் 'சமநிலைப்படுத்துதல்' என்ற ஒரே சொல்லை இட்டிருப்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இங்கே சிங்கப்பூரில், சமூக மன்றத்துக்கு வரும் பிள்ளைகள் இதைத் தமிழில் படித்துத் தங்கள் கையால் செய்யப்போகிறார்கள். முதல் வேலை முடியாமல் இரண்டாவதைத் தொடங்கக் கூடாது என்பது அவர்களுக்குச் சொற்களிலிருந்தே விளங்க வேண்டும்.

முதல் வேலை எடையைச் சார்ந்தது. வழக்கமான அமைப்புள்ள விமானத்தில், புவியீர்ப்பு மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழ 25 முதல் 33 விழுக்காட்டுத் தொலைவில் அமைய வேண்டும். அவ்விடத்தில் இறக்கையின் அடியில் இரு விரல்நுனிகளைக் கொடுத்துத் தூக்கும்போது வால் தாழ்ந்தால், மின்கலத்தை முன்னே நகர்த்துகிறோம் அல்லது மூக்கில் களிமண் ஒட்டுகிறோம். இதற்கு 'எடைச்சமன்' போதும்.

இரண்டாவது வேலையின் தேவை பறக்கவிட்ட பிறகே தெரியவரும். அடுக்குமாடிகளுக்கு இடையே காற்று சுழலத் தொடங்குமுன், காலையிலேயே புல்வெளியில், மூக்கைச் சற்றே தாழ்த்தி விமானத்தை மெல்லத் தள்ளி விடுகிறோம். எடைச்சமன் சரியாயிருந்தும் அது மூக்கைத் தூக்கி, வேகமிழந்து, சரிந்து, மறுபடியும் தூக்குமானால், கிடைவாலின் பின்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் அளவு கீழே வளைத்தாலே பெரும்பாலும் அந்த அலைவு அடங்கிவிடும். இடப்பக்கம் திரும்பினால் செங்குத்துவாலின் பின்விளிம்பைச் சிறிது வலப்பக்கம் வளைக்கிறோம். வானொலிவழி இயக்கும் விமானத்தில் இதையே கைக்கருவியின் சிறு பொத்தான்களால் செய்கிறோம். ஆனால் வால் கனத்த விமானத்தில் சிறு காற்றலைப்பும் மேன்மேலும் பெருகுவதால், எந்த வளைப்பாலும் அதை நிலைநிறுத்த முடியாது. ஒரே சொல்லை வைத்தால் மறைந்துபோவது இந்த வேறுபாடுதான்.

இந்த நுண்திருத்தத்துக்குச் 'செப்பம்' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். 'சீரமைப்பு' என்பது கட்டடப் புதுப்பிப்புக்கும் நிறுவன மாற்றத்துக்கும் செய்திகளில் நாள்தோறும் புழங்குவதால் இங்கே பொருந்தாது. 'செப்பம்' என்றதும் மனத்தில் வரும் 'செப்பனிடுதல்' பழுதுபார்ப்பை நினைவூட்டும் என்று யாரேனும் மறுத்தால், அது நியாயமானதே. வினையைச் 'செப்பமிடு' என்று வைத்துக்கொண்டால் அந்தக் குழப்பம் பெரிதும் குறையும். கூட்டுச்சொற்களும் இயல்பாக அமைகின்றன: கிடைவால் செப்பம், செப்பப் பொத்தான், பெரிய விமானங்களின் சுக்கான் விளிம்பிலுள்ள செப்பத்தகடு.

'ஸ்டெபிலிட்டி'க்குப் பட்டியலில் உள்ள 'நிலைப்புத்தன்மை' அப்படியே இருக்கட்டும். அது நாம் செய்யும் வேலையை அன்றி, விமானத்தின் குணத்தைக் குறிக்கிறது.