ஒன்ராறியோவில் சங்கிலி வாள் வாங்குவோருக்கு: முகவரிடம் எதைப் பேச வேண்டும், எதைப் பேச வேண்டியதில்லை

அக்ஸ்பிரிட்ஜுக்கு வடக்கே மரக்காணியோடு வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் தம்பி, சங்கிலி வாளைப் பெரிய அங்காடியில் வாங்குவதா, ஊரிலுள்ள முகவரிடம் வாங்குவதா, முகவரிடம் எவ்வளவு தூரம் விலை பேசலாம் என்று கேட்டிருக்கிறார். முகவரிடமே வாங்குங்கள், தம்பி. ஆனால் இயந்திரத்தின் விலையைக் குறைக்கச் சொல்லி அவரோடு மல்லுக்கட்டாமல், அந்த விலையோடு அவர் எவற்றையெல்லாம் சேர்த்துத் தருவார் என்பதைப் பற்றிப் பேசுங்கள்.

நம் ஊரில் நடைபாதைக் கடைக்காரர் சொன்ன விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்கிப் பழகியவர்களுக்கு இது ஏமாளித்தனமாகத் தோன்றலாம். இங்கே ஸ்டில் போன்ற நிறுவனங்கள் தமது வாள்களைப் பழுதுபார்க்கும் வசதியுள்ள முகவர்கள் வழியாகவே விற்கின்றன. ஒவ்வொரு மாதிரியின் விலையையும் நிறுவனத்தின் கனேடிய இணையத்தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். முகவர்களும் பெரும்பாலும் அந்த விலையை ஒட்டியே விற்கிறார்கள். ஆகவே கடைக்குப் போகுமுன் அந்த விலையைக் குறித்துக்கொண்டு போங்கள். அதைவிடக் கூடுதலாகச் சொன்னால் எதற்காக என்று கேட்பதில் தவறில்லை. விலைச்சீட்டில் 13 விழுக்காடு எச்.எஸ்.ரி. வரி சேர்க்கப்பட்டிருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்: 600 டொலர் என்று எழுதியிருந்தால் நீங்கள் கட்டப்போவது 678 டொலர். இரண்டு கடைகளை ஒப்பிடும்போது, எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு என்று கேட்டு ஒப்பிடுங்கள்.

புதிதாக வாங்குபவர்கள் பணத்தை இழப்பது விலையில் அல்ல, தவறான அளவைத் தெரிவுசெய்வதில்தான். விழுந்த கிளைகளை அறுக்கவும் சிறு மரங்களை வெட்டவும் 30 சி.சி. அளவிலான எஞ்சினும் 14 அல்லது 16 அங்குலப் பாரும் (சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட உலோகத் தகடு) போதும், ஸ்டில் எம்.எஸ். 170 (30.1 சி.சி.) இந்த வகை. உங்கள் வீட்டில் விறகு அடுப்பு இருந்து, குளிர்காலம் முழுவதற்குமான மேப்பிள், ஓக் போன்ற வைர மரங்களை நீங்களே அறுக்கப் போகிறீர்கள் என்றால், அந்தச் சிறிய வாளை வதைக்காமல் 50 சி.சி. வகைக்குப் போவது நல்லது. ஸ்டில் எம்.எஸ். 271, ஹஸ்க்வர்னா 450 ஆகிய இரண்டும் 50.2 சி.சி. எஞ்சின் கொண்டவை; இரண்டுக்கும் 18 அங்குலப் பார் நன்றாகப் பொருந்தும். அதற்கு மேல் போனால் எடை கூடும், களைப்பு கூடும், களைத்த கைக்கு ஆபத்தும் கூடும். என்ன மரம், எவ்வளவு தடிமன், ஆண்டில் எத்தனை நாள் வேலை என்று கேட்காமலே மேல்தட்டில் இருக்கும் பெரிய வாளைக் கை நீட்டிக் காட்டுகிற முகவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு, 2002ல் வின்ட்சர் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதிலிருந்து, இந்த மாகாணத்தில் ஆஷ் மரங்களைப் பெருமளவில் கொன்றுவிட்டது. உங்கள் காணியில் பட்டை உரிந்து நின்றபடியே காய்ந்துபோன ஆஷ் மரங்கள் இருந்தால், அவற்றைப் புது வாளோடு நீங்கள் அணுகாதீர்கள். அவை எதிர்பாராத இடத்தில் முறியும். தலைக்கு மேலிருந்து கிளைகள் உதிரும். அவற்றை வீழ்த்தும் வேலையைத் தேர்ந்தவரிடம் கொடுத்துவிட்டு, தரையில் விழுந்ததைத் துண்டாக்கும் வேலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது உங்களுக்குத் தேவையான வாளும் சிறியதாகிவிடும்.

இனிப் பேச வேண்டியவை. முகவர் வாளைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தி, எண்ணெயும் எரிபொருளும் ஊற்றி, உங்கள் முன்னாலேயே இயக்கிக் காட்ட வேண்டும். குளிர்ந்த எஞ்சினை எப்படி இயக்குவது, சங்கிலித் தடுப்பு எப்படி வேலை செய்கிறது, சங்கிலியின் இறுக்கத்தை எப்படிச் சரிசெய்வது என்பவற்றை அவர் கையால் காட்டி, பிறகு உங்கள் கையால் செய்யச் சொல்ல வேண்டும். இதை முறையாகச் செய்கிற கடையில் 20 டொலர் கூடக் கொடுத்தாலும் அது நியாயமான விலைதான். அடுத்து, இரண்டாவது சங்கிலி ஒன்றைக் கேளுங்கள். மண்ணிலோ கல்லிலோ ஒருமுறை பட்டாலே சங்கிலி மழுங்கிவிடும். மாற்றுச் சங்கிலி இல்லாவிட்டால் அன்றைய வேலை அத்தோடு நின்றுவிடும். இயந்திரத்தில் ஐந்து டொலர் குறைக்க மறுக்கும் முகவர்கள்கூட, சங்கிலி, பார் எண்ணெய் (பாரிலும் சங்கிலியிலும் ஓடும் மசகு எண்ணெய்), வாளை எடுத்துச்செல்லும் பெட்டி, முதல் முறை தீட்டிக்கொடுத்தல் என்று கேட்டால் ஏதாவது ஒன்றைச் சேர்த்துத் தருவதுண்டு. சங்கிலியின் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு), கேஜ் (பாரின் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் தடிப்பு), அத்தகைய கண்ணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பற்றுச்சீட்டின் பின்புறம் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை எங்கே சங்கிலி வாங்கினாலும் அந்த மூன்றும் பொருந்த வேண்டும்.

பாதுகாப்பு உடைகளுக்கான செலவையும் வாளின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். கால்களை மறைக்கும் சாப்ஸ், முகவலையும் காதுமூடியும் கொண்ட தலைக்கவசம், கையுறை, சப்பாத்து ஆகியவை இல்லாமல் வாளை இயக்கக் கூடாது. வெள்ளைச் சீட்டில் பச்சை நிற ஊசியிலை மரம் பொறித்த சப்பாத்துதான் கனடாவில் சங்கிலி வாள் வேலைக்கு உரியது. பச்சை முக்கோணம் மட்டும் உள்ள சாதாரண வேலைச் சப்பாத்து இதற்குப் போதாது.

எப்போது வாங்குவது என்பதும் விலையைத் தீர்மானிக்கும். 2022 மே 21ஆம் திகதிப் பெரும் காற்று அக்ஸ்பிரிட்ஜை உலுக்கிய பிறகோ, 2025 மார்ச் இறுதியில் ஒறிலியா, பீற்றர்பரோ பகுதிகளை உறைமழை முறித்த பிறகோ போனவர்கள் விலைக்கழிவைப் பற்றி வாய் திறந்திருக்க முடியாது. வசந்தத்தில் புல்வெட்டிகளும், முதல் பனிக்குப் பின் பனி அகற்றும் இயந்திரங்களும் முகவரின் நேரத்தை விழுங்கிவிடும். கோடையின் பிற்பகுதியில் ஒரு வேலைநாளில் போனால் நின்று பேசுவார்.

உத்தரவாதத்தை அங்கேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். வீட்டுப் பாவனைக்கும் தொழில் பாவனைக்கும் உத்தரவாதக் காலம் வேறுபடும் என்பதால், மரம் வெட்டிக் காசு வாங்கும் எண்ணம் இருந்தால் அதை மறைக்காதீர்கள். எரிபொருள் பழுதடைந்து வரும் கோளாறுகளை உத்தரவாதம் தாங்காது. 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் ரூ-ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெய் என்ற 50க்கு 1 கலவையை, 89 ஒக்ரேனுக்குக் குறையாத, எத்தனால் 10 விழுக்காட்டைத் தாண்டாத பெற்றோலில் கலந்து பாவியுங்கள். போன ஆண்டு கலந்து மிஞ்சியதை ஊற்ற வேண்டாம். குளிர்காலத்துக்கு மெல்லிய பார் எண்ணெய் தனியாக உண்டு.

பழைய வாளை இணையத்தில் வாங்க நினைப்பவர்கள், விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைக்காத எஞ்சினை இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். நம்ப முடியாத குறைந்த விலையில் புத்தம் புதிய பெரிய வாள் என்று வந்தால் அது பெரும்பாலும் போலி அல்லது களவு.

பின்வளவு மேப்பிளுக்குப் பற்றரி வாள் போதுமா என்று கேட்ட ஸ்காபுரோ அக்காவுக்கு: சிறிய வளவில் கிளை வெட்ட அதுவே போதும், அயலவருக்கு இரைச்சலும் குறைவு. விலைச்சீட்டில் பற்றரியும் மின்னேற்றியும் அடங்கியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்; வெறும் இயந்திரத்தின் விலையைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. இதற்கும் பார் எண்ணெய் ஊற்றத்தான் வேண்டும்.

ஆனால் நீங்கள் ரொறன்ரோ மாநகர எல்லைக்குள் இருக்கிறீர்கள், அக்கா. நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ உள்ள மரம், உங்கள் சொந்தக் காணியில் நின்றாலும், அதை வெட்ட மாநகரின் அனுமதி வேண்டும். பின்வளவு மேப்பிள் அந்த அளவைத் தொடுகிறதா என்று அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். தொட்டால், அவ்வளவு பெரிய மரத்தை நெருக்கமான வீடுகளுக்கு நடுவே வீழ்த்துவது பயிற்சி பெற்றவரின் வேலை என்பதால், நீங்கள் வாளே வாங்க வேண்டியிராது.