அப்பாவின் கால் எரிச்சலுக்கு எபால்ரெஸ்டாட் கொடுக்கலாமா?

செங்காங் மகள்:
அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை நோய்க்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இரவில் பாதம் எரிகிறது, போர்வை பட்டாலே துடிக்கிறார். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கபாபென்டின் கொடுத்திருக்கிறார்கள். மதுரையிலிருந்து வந்த சித்தப்பா எபால்ரெஸ்டாட் 50 மில்லிகிராம் அட்டைகளைக் கொண்டுவந்து, "அது வலியை மறைக்கும், இதுதான் நரம்பைச் சரிசெய்யும்" என்கிறார். அப்பா இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டுமாம். கொடுக்கலாமா?

தோ பாயோ பார்மசிஸ்ட் அக்கா:
சித்தப்பா சொன்னதில் முதல் பாதி சரி. கபாபென்டின், பிரிகாபலின், டுலோக்செட்டின் எல்லாம் வலியைத் தணிப்பவைதான். இரண்டாம் பாதி கொஞ்சம் ஓவர்.

நரம்புக்குள் சர்க்கரை போக இன்சுலின் வேண்டியதில்லை. ரத்தத்தில் ஏறினால் அங்கேயும் ஏறும். மிஞ்சிய குளுக்கோஸை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி சார்பிட்டாலாக மாற்றும், அப்புறம் இன்னொரு நொதி அதை ஃபிரக்டோஸ் ஆக்கும். சார்பிட்டால் செல்லைவிட்டு எளிதில் வெளியே போகாது. அது சேரச் சேர நரம்புக்குத் தேவையான மையோ-இனோசிட்டால் என்ற பொருள் குறைகிறது, செல்லின் உப்புச் சமநிலையைக் காக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப் தளர்கிறது, நரம்பில் சமிக்ஞை ஓடும் வேகமும் குறைகிறது. எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்த முதல் நொதி என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருளைச் செலவழிக்கிறது. செல்லைக் காக்கும் குளூட்டாதயோனைப் புதுப்பிக்கவும் அதேதான் வேண்டும். ஒரே உண்டியலில் இரண்டு பேர் கைவைக்கிற கதை.

எபால்ரெஸ்டாட் அந்த முதல் நொதியைத் தடுக்கும். ஜப்பானில் 1992 முதல் இருக்கிறது, அமெரிக்காவில் அனுமதி இல்லை. ஜப்பானில் 3 ஆண்டு நடந்த ஆய்வில், மருந்து எடுக்காதவர்களின் நரம்பு வேகம் சரிந்தது, எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய அப்படியே நின்றது. சரிவைத் தடுக்கலாம், போனதை மீட்கும் என்று நம்பாதீர்கள். இதே வகையைச் சேர்ந்த டால்ரெஸ்டாட் கல்லீரலைக் கெடுத்ததால் 1996இல் திரும்பப் பெறப்பட்டது. அதனால் மருத்துவருக்குத் தெரியாமல் வேண்டாம். முக்கியமாக, மெட்ஃபார்மின் பல வருடம் என்றீர்களே, அது வைட்டமின் பி12ஐக் குறைக்கலாம். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தார்களா? பி12 குறைந்தாலும் இதே எரிச்சல் வரும்.

டாக்சி மாமா:
தங்கச்சி, எனக்கு எரிச்சல் தானாகவே நின்றது. நரம்பு தேறவில்லை, உணர்ச்சி போய்விட்டது. பாத சோதனையில் நைலான் இழையை அழுத்தினார்கள், பெருவிரலில் ஒன்றுமே தெரியவில்லை. அப்பா கோயிலுக்குப் போனால் மத்தியானச் சூட்டில் வெறுங்காலோடு பிராகாரம் சுற்ற விடாதீர்கள். கொப்பளம் வந்தாலும் தெரியாது லா.

செங்காங் மகள்:
நன்றி அக்கா, மாமா. பி12 பார்த்ததாகத் தெரியவில்லை. கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 9.4. அட்டையையும் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் போகிறோம். அதுவரை அப்பா சோற்றை அடியோடு நிறுத்தப் போகிறாராம், கோப்பி-ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) மட்டும்தானாம்!

தோ பாயோ பார்மசிஸ்ட் அக்கா:
ஐயோ, அப்படிச் செய்ய விடாதீர்கள். சர்க்கரையைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் மெதுவாக. மூன்றே மாதத்தில் எச்பிஏ1சி 2 புள்ளிக்கு மேல் சரிந்தால் சிலருக்கு எரிச்சல் இன்னும் மோசமாகக் கிளம்பும். எவ்வளவு வேகத்தில் குறைப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரக ரிப்போர்ட்டையும் காட்டுங்கள், கபாபென்டின் அளவு அதைப் பொறுத்தது.