தும்பாவில் மகள் இருந்த 12 நாள்

இஸ்ரோ நடத்தும் கோடை முகாமெல்லாம் பெரிய பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். 2023 மார்ச்சில் மகள் ஒன்பதாம் வகுப்பு, நாங்குநேரிப் பக்கம் ஊராட்சியில் உள்ள பள்ளி. பள்ளிப் பிள்ளைகளுக்கான இஸ்ரோவின் விண்வெளி முகாமான யுவிகா பற்றி அறிவியல் டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது விண்ணப்பிக்க நான்கு நாள்தான் மிச்சம்.

விவரத்தைப் படித்ததும்தான் தைரியம் வந்தது. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குப் பாதி எடைதான். மீதி ஆன்லைன் வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர், என்.சி.சி. என்று பிரிந்து கிடந்தது. ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் படிப்பதற்கே 15 சதவீதம். சான்றிதழ்தான் தலைவலி. அந்த வருடம் மாவட்டக் கண்காட்சிக்குப் போய் நீர்மட்டம் காட்டும் கருவி வைத்துவிட்டு வந்தாள், சான்றிதழ் கைக்கு வரவில்லை. நடத்தியவர்களிடம் மூன்று முறை அலைந்தேன், கிடைக்கவில்லை. அந்த மதிப்பெண்ணை விட்டுவிட்டுத்தான் விண்ணப்பித்தோம். பிள்ளைகள் எதில் கலந்துகொண்டாலும் அன்றைக்கே காகிதத்தைக் கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.

பட்டியலில் பெயர் வந்தது. மே 15 முதல் 26 வரை, திருவனந்தபுரம் தும்பாவில் இருக்கும் இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். தங்கல், சாப்பாடு, பாடப்பொருள் எல்லாம் இஸ்ரோ செலவு. கூட்டிக்கொண்டு போன எனக்கும் ரயில் கட்டணம் கொடுத்தார்கள். கையில் காசில்லாமல் தயங்கும் பெற்றோருக்காக இதைச் சொல்கிறேன்.

முதல் ராத்திரி போனில் அழுதாள். சுற்றிலும் இந்தி, அறைத்தோழி ஒடிசாக்காரி, இவளுக்கோ வகுப்பறை ஆங்கிலம் மட்டும். எனக்கும் தூக்கமில்லை. மூன்றாம் நாள் நான் அழைத்தால் "அப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். சரி, பிள்ளை ஒட்டிக்கொண்டாள் என்று நிம்மதியானேன்.

திரும்பி வந்ததும் ஆச்சிக்கு அவள் தும்பாவை விளக்கியதை நான் மறக்க மாட்டேன். சாப்பாட்டுத் தட்டின் நடுவே விரலால் கோடு போட்டு, "இது பூமியோட காந்த நடுக்கோடு ஆச்சி, தும்பாவை ஒட்டிப் போகுது. அதுக்கு மேல நூறு கிலோமீட்டர் உயரத்துல காத்துல கரண்ட் ஓடுது" என்றாள். பலூன் அவ்வளவு உயரம் எட்டாது, செயற்கைக்கோள் அவ்வளவு கீழே நிலைக்காது, அதனால்தான் ஆய்வு ராக்கெட் வேண்டும் என்று அவள் சொன்னபோது எனக்கே அது முதல்முறையாகப் புரிந்தது. 1963 நவம்பர் 21இல் இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பிய இடம், அப்போது அலுவலகமாக இருந்த மாதா கோயில், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அதே கட்டடம், எல்லாம் பார்த்திருக்கிறாள். ரோகிணி 200 என்ற ராக்கெட்டின் பெயரில் உள்ள 200 அதன் விட்டமாம், மில்லிமீட்டரில். "ஒரு சாண்தான் ஆச்சி!" என்று கையை விரித்துக் காட்டினாள்.

மதிப்பெண் முன்பு மாதிரிதான் வாங்குகிறாள். வகுப்பில் புரியாவிட்டால் எழுந்து கேட்கிறாள், அது முன்பு இல்லை.

இப்போது பிளஸ் டூ. மார்ச் வந்தால் எங்கள் தெருவின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து வினாடி வினாவுக்குப் பழக்குகிறாள். போன தடவை இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள், கிடைக்கவில்லை. இந்த முறை ஐந்து பேர் வருகிறார்கள். ஆளுக்கொரு ஃபைல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், சான்றிதழ் போட்டு வைக்க.